டர்போ பொத்தான் இல்லாத பெட்டி

அத்தியாயம் 14

மூன்று நாளாக வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிய கம்ப்யூட்டர் பிளாப்பிகள் இரண்டும் கடைசியில் மாதா படத்துக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. பத்திரமான இடம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைப்போமே, அங்கே வைத்த சாமான் மட்டும் அவசரத்துக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அமலராணி அவற்றை ராத்திரியே கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். இரண்டு பிளாப்பிகளும் இருந்தன. ஒன்றில் புரோகிராம், இன்னொன்றில் பதிவுகள். இரண்டின் லேபிளிலும் அவளுடைய கையெழுத்தில் 11-6-98 என்று எழுதியிருந்தது.

அந்தத் தேதிக்கு மறுநாள்தான் துளசிங்கம் செத்துப்போனான்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. குரோம்பேட்டையில் கோமளா மெட்டல் பிரஸ்ஸிங்ஸ் என்று ஒரு கம்பெனி. அங்கே பராமரிப்புப் பிரிவில் அமலராணி டைப்பிஸ்ட். அவளுடைய தம்பி எட்மண்ட் அதே பிரிவில் பிட்டர். தகடு அழுத்துகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில் பிரேக் வழுக்குகிறது, ஓட்டக்கூடாது என்று எட்மண்ட் வியாழக்கிழமை சீட்டு எழுதிக் கொடுத்தான். அமலராணி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வெள்ளிக்கிழமை அக்கா தம்பி இருவருக்கும் லீவு. அன்றைக்குப் பதினோரு மணிக்கு அதே பிரஸ் துளசிங்கத்தின் மேல் இறங்கிவிட்டது.

அப்படி ஒரு புகார் வரவே இல்லை என்கிறார் மானேஜர் சாம்பசிவன். சீட்டைக் காட்டலாம் என்றால், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துப் போடுவதுதான் அந்த ஆபீஸ் வழக்கம். பழைய கம்ப்யூட்டரைக் காட்டலாம் என்றால், விபத்து நடந்த மறுவாரமே அதைக் கழற்றி எங்கேயோ அனுப்பிவிட்டு, புதிதாக ஒன்றை இறக்கிவிட்டார்கள். புதிதில் பழைய புரோகிராம் ஓடவில்லை. "ஓடலைன்னா நான் என்னம்மா பண்றது" என்று மானேஜர் கையை விரித்துவிட்டார்.

ஆனால் போன வருஷ மழையில் ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர் புகுந்தபோது, வாராவாரம் ஒரு நகல் ஆபீசுக்கு வெளியே இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டவரும் அதே மானேஜர்தான். அவர் மறந்துவிட்டார். அமலராணி மறக்கவில்லை.

எட்மண்ட் மூன்று வாரமாக சஸ்பென்ஷனில் இருக்கிறான். திங்கட்கிழமை பத்து மணிக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் எதிரில் எட்மண்டின் பேச்சு எடுபடாவிட்டால் அடுத்தது போலீஸ் கேஸ்.

*

"தம்பிக்கு ஒண்ணுன்னா நீதான் நிப்பேன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள் ரத்தினபாய், மகளிடம் காபியை நீட்டிக்கொண்டே. "உங்கப்பா போனப்ப அவனுக்கு எட்டு வயசு. நீதானே வளத்த."

"காலங்காத்தால ஆரம்பிக்காதம்மா."

"வண்டலூர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிடணும். கம்ப்யூட்டர்லயே இருக்கு, எம் புள்ள மேல தப்பு இல்லன்னு."

அமலராணி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டதே வண்டலூருக்குப் போய் எட்மண்டுக்குப் பெண் பார்க்கத்தான். பதினோரு மணிக்கு அவர்கள் அந்த வீட்டுக் கூடத்தில் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் பேப்பரில் வந்த மூன்றாம் நாள், பெண் மேலே படிக்கப் போகிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு முடிந்தது. அம்மாவுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

எட்மண்ட் குளித்துவிட்டு வந்தான். மூன்று வாரத் தாடியை எடுத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

"அக்கா, நீ லாசரஸ் அண்ணன் கடைக்குப் போ. நான் அனகாபுத்தூர் போயி துளசிங்கம் அண்ணன் வீட்டு எல்லம்மாக்காவக் கூட்டிட்டு வரேன்."

"எதுக்குடா?"

"அவங்க கண்ணால பாக்கட்டும்."

"மொதல்ல ஓடுதான்னு நான் பாக்கறேன். அப்புறம் கூப்பிட்டுக்கலாம்."

"ஓடும்." சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பேசினான். "இன்ஸ்பெக்டர் நம்பறாரு நம்பல, அது அப்புறம். அந்தம்மா மண்ண வாரித் தூத்துச்சு. நீ பக்கத்துல நின்ன. என்னால தூங்க முடியலக்கா."

துளசிங்கத்தின் வீட்டு வாசலில் அது நடந்தது. எல்லம்மா புருஷனின் உடம்பை விட்டு எழுந்து வந்து, தெருவில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எட்மண்டின் மேல் வீசினாள். "பிரேக்கு போச்சுன்னு தெரிஞ்சிகினே லீவு போட்டுட்டுப் போனியாமே, நீ நல்லா இருப்பியா" என்று கேட்டாள். ஆற்றங்கரைச் சந்து முழுக்க ஜனம் நின்று பார்த்தது. அவனுடைய தலையிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டவள் அமலராணிதான்.

எல்லம்மாவைக் கூட்டிவரக் கிளம்பிய எட்மண்டை அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று சாயங்காலம் நினைத்துக்கொண்டாள்.

*

லாசரஸின் கடை மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. மனிதர் பதினைந்து வருஷம் டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தவர். அமலராணியின் ஆபீஸ் மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டவர். டைப்ரைட்டரை யாரும் சீந்தாமல் போனதும் கம்ப்யூட்டருக்குத் தாவிவிட்டார். இன்னமும் எந்தக் கீபோர்டைத் தொட்டாலும் முதலில் பிரஷ் எடுத்துத் தூசு தட்டுவார்.

"பழைய மெஷின் ஒண்ணு கிடைக்குமான்னு ரெண்டு நாளா அலைஞ்சேன் மேடம். 386 எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டாங்க. சேலையூர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல ஒண்ணு இருக்கு. அதுல பெரிய பிளாப்பிதான் போகும். உங்களுது சின்னது."

"அப்ப என்ன செய்யறது?"

லாசரஸ் மேஜையைக் காட்டினார். மேலே சுற்றிவந்த பிளாஸ்டிக் உறைகூட முழுசாகக் கழற்றாத புதுப் பெட்டி ஒன்று இருந்தது. "பென்டியம் டூ. ஒரு டாக்டர் வீட்டுக்கு. நாலு மணிக்கு நான் கொண்டு போய் மாட்டணும். அதுக்குள்ள பாத்துக்கலாம்."

"எங்க ஆபீஸ்ல வந்திருக்கறதும் இதேதான். அதுல ஓடலையே."

"ஏன் ஓடலைன்னு தெரிஞ்சா ஓட வைக்கலாம். குடுங்க."

பிளாப்பி உள்ளே போனது. லாசரஸ் இரண்டு விரலால் புரோகிராமின் பெயரை அடித்தார். திரை ஒரு தடவை சிமிட்டியது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. ரன்டைம் எரர் 200.

மானேஜர் அறையில் அவள் பார்த்த அதே வரி. அன்றைக்கு அதைப் பார்த்ததும் சாம்பசிவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பூஜ்யத்தால வகுத்துட்டேன்னு குறை சொல்லுது" என்றார் லாசரஸ். "நிஜம் அது இல்ல மேடம். இந்தப் புரோகிராம் எழுந்த உடனே, நாம இருக்கற மெஷின் எவ்ளோ வேகம்னு ஒரு தடவ அளந்து பாக்குது. அந்த அளவ எழுதிக்கறதுக்குச் சின்னதா ஒரு கட்டம் வச்சிருக்காங்க. அந்தக் காலத்து மெஷினுக்கு அது தாராளம். இது ஓடற ஓட்டத்துக்கு நம்பர் கட்டத்துக்குள்ள அடங்க மாட்டேங்குது. உடனே படுத்துக்குது."

"வேகமா இருக்கறதாலயா ஓடல?"

"அதாலதான்."

"பழைய பெட்டியில முன்னாடி ஒரு பொத்தான் இருக்கும். டர்போன்னு போட்டு. அத அமுக்கினா மெதுவாப் போகும்."

"இதுல அந்தப் பொத்தானே வைக்கல. இனிமே யாருக்கு மெதுவாப் போகணும், சொல்லுங்க."

வேகத்தைக் குறைக்கிற புரோகிராம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தார். எரர் 200. பெட்டியை அணைத்து, விண்டோஸ் இல்லாமல் வெறும் டாஸில் எழுப்பிப் பார்த்தார். எரர் 200. மணி ஒன்று ஆனது. அமலராணி கொண்டு வந்திருந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து போகிற ஒவ்வொரு மின்சார ரயிலுக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

லாசரஸ் கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டு வந்தார். மருந்துக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தார்.

"ப்ராசசருக்குப் பக்கத்துல, வேகத்துக்குன்னே ஒரு குட்டி மெமரி இருக்காம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. ரெண்டையும் அணைச்சிட்டா இது நொண்டியடிக்குமாம். பாக்கலாமா?"

"பாருங்க."

பெட்டியின் உள் அமைப்புகளை மாற்றுகிற நீலத் திரை ஒன்று வந்தது. கவரைப் பார்த்துப் பார்த்து அவர் இரண்டு இடத்தில் மாற்றினார். பெட்டி மறுபடி எழுந்தது. எழுந்த விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. காய்ச்சல்காரன் படுக்கையை விட்டு எழுவது போல ஒவ்வொரு வரியாக வந்தது.

புரோகிராமின் பெயரை அடித்துவிட்டு லாசரஸ் கையை எடுத்துக்கொண்டார்.

பிளாப்பி கரகரத்தது. திரை கறுப்பாகவே இருந்தது. எரர் வரவில்லை. பிறகு மேல் மூலையில் ஒரு கோடு தோன்றி, வலப்பக்கமாக மெள்ள நகர்ந்தது. கட்டம் ஒன்று உருவானது. அதற்குள்ளே எழுத்து எழுத்தாக, கோமளா மெட்டல் பிரஸ்ஸிங்ஸ், பராமரிப்புப் புகார்கள்.

அமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். மூன்று வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது. லாசரஸ் சிலுவை போட்டுக்கொண்டு, "நீங்களே உக்காருங்க மேடம், உங்க மெஷின்" என்று எழுந்து இடம் விட்டார்.

*

பட்டியல் வந்தது. ஒன்று, புதிய புகார். இரண்டு, புகார்களைப் பார்க்க. மூன்று, நாள் முடிவு.

இரண்டைத்தான் அழுத்தவேண்டும். அவளுடைய விரல் தானாக மூன்றின் மேல் போய் நின்றது. எட்டு வருஷப் பழக்கம். உட்கார்ந்ததும் அங்கேதான் போகும். விரலை எடுக்கப் போனவள் அப்படியே இருந்துவிட்டாள்.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு புகாராவது நிலுவையில் இருந்தால் நாள் முடிவு அறிக்கையைத் தராது. நாள் முடிவு ஆகாவிட்டால் மறுநாள் தேதியைத் திறக்காது. எழுதிக் கொடுத்த கிண்டிக்காரப் பையன் போய்ச் சேர்ந்த இடம் யாருக்கும் தெரியாது. அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அமலராணி நிலுவையில் இருக்கிற எல்லாவற்றையும் முடிந்தது என்று மாற்றிவிடுவாள். அறிக்கை அச்சாகும், மானேஜர் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு வந்து, வரிசை எண்ணை மட்டும் குறித்து வைத்த நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி நிலுவைக்கு மாற்றுவாள். எட்டு மணிக்கு நிலுவைப் பட்டியல் மெஷின்கள் ஓடுகிற ஷெட்டுக்குப் போகும். பட்டியலில் உள்ள மெஷினில் சிவப்பு அட்டை தொங்கும். இல்லாத மெஷினில் அட்டையை எடுத்துவிட்டு ஓட்டுவார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை. போகும்போது பேன் சுவிட்சை அணைப்பது மாதிரி ஒரு வேலை.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவள் அவசரத்தில் இருந்தாள். எட்மண்டின் புதுச் சட்டை டெய்லரிடம் இருந்தது. கடை ஆறு மணிக்கு அடைத்துவிடுவான். மறுநாள் லீவு என்பதால் வாராந்திர நகலையும் அன்றைக்கே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் இடத்தில் உட்காரப் போகிறவள் ஸ்டோர்ஸிலிருந்து வருகிற கனகவல்லி. அவளிடம் நோட்டைக் கொடுத்து, காலையில் வந்ததும் இதையெல்லாம் நிலுவைக்கு மாற்று என்று சொல்லவேண்டும்.

சொன்னாளா?

மூன்று வாரமாக எல்லோரும் கேட்டது புகார் ஏறியதா இல்லையா என்ற ஒரு கேள்வியைத்தான். அவளும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தாள். ஏற்றினேன், சத்தியமாக ஏற்றினேன் என்று கோவிலில்கூடச் சொன்னாள். இந்த இன்னொரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"என்ன மேடம், ரெண்ட அமுக்குங்க" என்றார் லாசரஸ்.

புரோகிராம் பிளாப்பியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுவிட்டு, பதிவுகள் இருந்த பிளாப்பியைச் செருகி அமுக்கினாள்.

பழைய பெட்டியில் பக்கம் முழுக்கப் பட்டென்று வந்து விழும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்கவேண்டியிருந்தது. மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. ஒன்றாம் பிரஸ், எண்ணெய்க் கசிவு. கம்ப்ரசர், பெல்ட். பிறகு அந்த வரி. பதினொன்று ஆறு. பத்து இருபது. பிரஸ் நாலு. பிரேக் வழுக்குகிறது, ஓட்ட வேண்டாம். புகார் கொடுத்தவர், எட்மண்ட்.

"இருக்கு" என்றார் லாசரஸ். "இருக்கு மேடம்."

அமலராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரி இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது வரவேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

நிலை, முடிந்தது. நேரம், ஐந்து பத்து. பழுது பார்த்தவர், எட்மண்ட்.

லாசரஸ் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். "இதென்ன, தம்பியே ரிப்பேர் பண்ணதாப் போட்டிருக்கு?"

"நான் போட்டது." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பழுது பார்த்தவர் பேர் போடாம அது முடிஞ்சதா ஏத்துக்காது. ஏதாவது ஒரு பேர் போடணும்."

தம்பியைக் காப்பாற்றும் என்று அவள் கட்டிக் காத்த பிளாப்பி, அவன்தான் பிரேக்கைப் பார்த்து சரி என்று சொன்னான் என்கிறது. இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

லாசரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஆக ஐந்து நிமிஷம். கடைக் கதவைச் சும்மாச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மேடம், இது உங்க கையில இருக்கற நகல். ஒரே ஒரு எழுத்து. அதத் திருப்பி நிலுவைன்னு போட்டா, பேரும் தானா போயிடும். புகார் இருந்துது, முடியலன்னு ஆயிடும். யாருக்குத் தெரியும்?"

அவள் அந்த வரிக்குப் போனாள். நிலை என்ற இடத்தில், முடிந்தது என்பதற்கான C இருந்தது. நிலுவைக்கான P அடித்தாள். மிகச் சுலபமாக இருந்தது. இதைத்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் செய்திருக்கவேண்டும்.

எட்மண்டின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. கீழே கேள்வி வந்தது. மாற்றத்தை வைத்துக்கொள்ளவா? ஆம் என்றால் Y. இல்லை என்றால் N.

Y போட்டால் எட்மண்ட் தப்பித்துவிடுவான். அவளும் தப்பித்துவிடுவாள். நிலுவையில் இருந்த புகார் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவள் கனகவல்லி. ஒன்றும் தெரியாத பெண், சொன்னதை மட்டும் செய்கிறவள்.

விரல் Y மேல் இருந்தது. அழுத்தியிருப்பாள். இதை மறைக்க வேண்டியதில்லை. தம்பிக்காக அவள் அழுத்தியிருப்பாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

*

எட்மண்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் எல்லம்மா. நெற்றியும் கழுத்தும் வெறிச்சென்று இருந்தன. மூச்சு வாங்கியது. உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு நின்றாள்.

"ஓடுதுக்கா" என்றான் எட்மண்ட், திரையைப் பார்த்துவிட்டு. முகம் பளிச்சென்று ஆனது. "நான் சொல்லல?"

எல்லம்மா திரையைப் பார்த்தாள். பிறகு அமலராணியைப் பார்த்தாள். "எனக்கு இங்கிலீசு தெரியாது. இன்னா எழுதிகீதுன்னு நீயே படிச்சி சொல்லும்மா. இந்தப் புள்ள பஸ்சுல வரச்சொல்லோ அழுதுகினே வந்துச்சு. நான் மண்ண வாரி வுட்டது தப்பா இருந்தா, தப்புன்னு சொல்லிட்டுப் போறேன்."

அமலராணியின் விரல் Yயிலிருந்து எழுந்தது. எதை நினைத்து அதைச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதிரில் நின்ற வெறும் நெற்றியை அவளால் தாங்க முடியவில்லை. N அழுத்தினாள்.

வரி பழையபடி வரத் தொடங்கியது. பிளாப்பி கரகரத்தது. எட்மண்ட் நாற்காலியின் பின்னால் குனிந்து நின்று, வருகிற எழுத்துகளை வாய்விட்டுப் படித்தான்.

"பிரஸ் நாலு. பிரேக் வழுக்குது, ஓட்ட வேணாம். பாத்தீங்களாக்கா, என் பேரு, எட்மண்ட்." சிரிப்போடு அடுத்த எழுத்துகளுக்குக் காத்திருந்தான். வந்தன. படித்தான். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இன்னா, நிறுத்திட்ட?" என்றாள் எல்லம்மா.

"பிரேக் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு போட்டிருக்கு" என்றாள் அமலராணி. "எட்மண்ட் ரிப்பேர் பண்ணதாப் போட்டிருக்கு. அவன் பண்ணல. சாயங்காலம் ஆபீஸ மூடணும்னா எல்லாம் முடிஞ்சதுன்னு போடணும். போட்டேன். காலையில திருப்பி மாத்தணும். நான் லீவு. யாருகிட்டயும் சொல்லிட்டுப் போகல. அதனால காலைப் பட்டியல்ல அது வரல, சிவப்பு அட்டை தொங்கல. எட்மண்ட் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

"அக்கா, சும்மா இரு." எட்மண்ட் எல்லம்மாவின் பக்கம் திரும்பினான். "அது தெனமும் செய்யறதுதாங்க. எட்டு வருஷமா நடக்குது. மானேஜருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்."

"எல்லார்க்கும் தெரியுமா?" எல்லம்மா குரலை உயர்த்தவில்லை. "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

எட்மண்ட் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அட்டை தொங்குனா தொட மாட்டாரு. அட்டை இல்லன்னா மிஷினு நல்லாகீதுன்னு அர்த்தம்னு எங்கையில சொல்லிகீறாரு. அன்னிக்குக் காத்தால அட்டை இல்ல. அவுரு நம்பிக்கினு உள்ள கைய வுட்டாரு. அவருக்குத் தெரியுமா, சொல்லு."

"தெரியாது" என்றாள் அமலராணி.

எல்லம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அமலராணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இதெல்லாம் எதுலகீது? இந்தப் பொட்டிலயா?"

"பிளாப்பியில. அந்தச் சின்ன அட்டையில" என்று லாசரஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"எடுத்துக் குடு."

எட்மண்ட் லாசரஸைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். லாசரஸ் அமலராணியைப் பார்த்தார். அமலராணி கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். வெளியே வந்த பிளாப்பியை அவளே எடுத்து எல்லம்மாவின் கையில் வைத்தாள்.

எல்லம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் இருந்த தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திங்கக்கெழம பத்து மணி தானே. நானே எடுத்தாறேன்."

படியில் அவள் இறங்கிப் போகிற சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

எட்மண்ட் ஸ்டூலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு பிட்டர் இருக்கோம்" என்றான். "எதுக்குக்கா என் பேர் போட்ட?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். பொய் ஒன்றும் கிடைக்கவில்லை.

"மத்தவங்க பேர் போட்டா, ஏன் போட்டன்னு என்னிக்காவது கேப்பாங்க. நீ கேக்க மாட்ட. அதனால தெனமும் உன் பேரத்தான் போடுவேன்."

எட்மண்ட் எழுந்தான். அவளைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அவன் படியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

லாசரஸ் நீலத் திரையை வரவழைத்து, மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தார். பெட்டி சட்டென்று எழுந்தது. பைக்குள் மிச்சமிருந்த புரோகிராம் பிளாப்பியைப் போட்டு ஒரு தடவை அடித்துப் பார்த்தார். ரன்டைம் எரர் 200.

"திங்கக்கெழம ஆபீஸ்ல இத யாரும் ஓட்ட முடியாது மேடம்" என்றார். "அந்தம்மா கையில அத வச்சிக்கிட்டு நின்னாலும், நீங்களா சொன்னாத்தான் உண்டு."

அமலராணி ஜன்னலுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் எல்லம்மா இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்மண்ட் ரோட்டைக் கடந்து அவளிடம் போனான். ஏதோ சொன்னான். அவள் இடுப்பைக் காட்டிக் கையை நீட்டினான். எல்லம்மா ஓர் அடி பின்னால் போனாள். அவன் இன்னும் ஓர் அடி முன்னால் போனான்.

அமலராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தினாள். ரோட்டு இரைச்சலில் அது கீழே போய்ச் சேரவில்லை. பம்மல் வழி போகிற பஸ் ஒன்று வந்து இருவரையும் மறைத்துக்கொண்டு நின்றது.

பஸ் கிளம்பிப் போனபோது ஸ்டாப்பில் இருவருமே இல்லை.